அன்றாட வரவில் வாழும் உணரிகள்: ஆற்றல் அறுவடை ஓர் அறிமுகம்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கரையை அடுத்து கிரேட் டக் என்றொரு சிறு தீவு இருக்கிறது. லீச் பெட்ரல் எனப்படும் கடற்பறவைகள் அங்கே மண்ணில் வளை தோண்டி முட்டையிடுகின்றன. அடைகாக்கத் தொடங்கிய முதல் இரண்டு வாரங்களில் மனிதர்களால் தொந்தரவு ஏற்பட்டால், இப்பறவைகள் வளையையே கைவிட்டுப் போய்விடக்கூடும். வளைக்குள் வெப்பம் எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு, பறவை உள்ளே இருக்கிறதா இல்லையா என்று அறிய விரும்பிய ஆய்வாளர்கள், அறிவதற்காக அருகில் சென்றாலே அறிய வேண்டிய பறவையை இழந்துவிடும் நிலையில் இருந்தார்கள். 2002-ஆம் ஆண்டில் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் இன்டெல் நிறுவனத்தின் ஆய்வகமும் மெய்னில் உள்ள அட்லாண்டிக் கல்லூரியும் சேர்ந்து, கையளவே உள்ள 32 கருவிகளை அத்தீவில் வைத்தன. அவை தாம் அளந்ததை வானலை வழியாக ஒன்றுசேர்த்து, செயற்கைக்கோள் இணைப்பின் மூலம் வெளியே அனுப்பின. இப்படிச் சுற்றுப்புறத்தை அளக்கும் உணரிகளை வானலையால் இணைக்கும் கம்பியில்லா உணரி வலையமைப்பு என்ற கருத்தை இயற்கைச் சூழலில் நடத்திக் காட்டிய தொடக்ககால முயற்சிகளுள் இது முக்கியமானது.

அந்தக் கருவி ஒவ்வொன்றும், நம் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் போடுவது போன்ற இரண்டு ஏஏ பேட்டரிகளில் ஓடியது. பேட்டரி தீர்ந்தால் மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு மனிதர் வளைக்கே போக வேண்டும். எதைத் தவிர்க்கக் கருவி வைக்கப்பட்டதோ, அதுவே திரும்பவும் நடக்கும். 32 கருவிகளுக்கு எப்படியாவது சமாளித்துவிடலாம். ஒரு காட்டில் ஆயிரம் கருவிகளை வைத்து, ஆண்டுதோறும் ஆயிரம் இடங்களுக்கு நடந்து போய்ப் பேட்டரி மாற்றுவது நடக்கக்கூடிய காரியம் அன்று. தான் இருக்கும் இடத்திலிருந்தே தனக்கு வேண்டிய ஆற்றலைக் கருவி எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் இங்கிருந்துதான் வலுப்பெறுகிறது. வெயில், காற்று, வெப்ப வேறுபாடு, அதிர்வு, சேற்றில் வாழும் நுண்ணுயிர் என்று சுற்றுப்புறத்தில் சிதறிக் கிடக்கும் சிறுசிறு ஆற்றலைச் சேகரித்து மின்சாரமாக்கிக்கொள்வதையே ஆற்றல் அறுவடை என்கிறோம்.

பேட்டரியில் ஓடும் கருவி, பாட்டன் வைத்துவிட்டுப் போன முதலைக் கரைத்துச் சாப்பிடும் குடும்பத்தைப் போன்றது. எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் முதல் ஒருநாள் தீர்ந்தே தீரும். அறுவடையில் ஓடும் கருவியோ அன்றாடம் கூலி வாங்கி வாழும் குடும்பத்தைப் போன்றது. கூலி குறைவு, சில நாள் வேலையே கிடைக்காது, ஆனால் வரவுக்குள் செலவை அடக்கி, வேலை இல்லாத நாள்களுக்குக் கொஞ்சம் சேர்த்தும் வைத்தால், கணக்கின்படி அந்தக் குடும்பம் எத்தனை ஆண்டும் ஓடும். இத்துறையில் ஈடுபடுவோர் இந்நிலையை ஆற்றல் சமநிலை இயக்கம் என்பார்கள். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் வரவைப் பெருக்கும் வழியைத்தான் முதலில் கேட்கிறார்கள். செலவிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். ஆற்றலை ஜூல் என்ற அலகில் அளக்கிறோம். 100 கிராம் எடையுள்ள ஒரு பொருளை ஒரு மீட்டர் உயரம் தூக்க ஏறத்தாழ ஒரு ஜூல் வேண்டும். ஒரு நல்ல ஏஏ பேட்டரியில் சுமார் 13,500 ஜூல் இருக்கும். இரண்டில் 27,000 ஜூல். உணரி, சிறு கணிப்பி, வானலைக் கருவி மூன்றும் எப்போதும் விழித்திருந்தால் சுமார் 60 மில்லிவாட், அதாவது நொடிக்கு 0.06 ஜூல் செலவாகும். இந்த விகிதத்தில் இரண்டு பேட்டரியும் 5 நாளில் தீர்ந்துவிடும். அதே கருவியை ஆழ்ந்த உறக்கத்தில் வைத்து, உள்ளே ஒரு கடிகாரம் மட்டும் ஓடும்படி விட்டால், செலவு சுமார் 30 மைக்ரோவாட்டுக்கு இறங்கிவிடும். இது முந்தியதில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. காகிதக் கணக்கில் 25 ஆண்டுகளுக்கு மேல் வரும். அதற்கு வெகுமுன்பே பேட்டரி தானாகவே கெட்டுவிடும் என்பது வேறு. ஆகவே கருவியின் ஆயுளைத் தீர்மானிப்பது அது விழித்திருக்கும் நேரமே.

இனி ஒரு மண் ஈரப்பத உணரியை எடுத்துக்கொள்வோம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை அது விழித்து, அரை நொடியில் அளந்து, அந்த எண்ணைச் சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு நிலையத்துக்கு அனுப்பிவிட்டு மீண்டும் உறங்குகிறது. அளப்பதற்கு ஆகும் செலவு 0.01 ஜூல் கூட இல்லை. லோரா போன்ற, குறைந்த மின்சாரத்தில் நெடுந்தொலைவு செல்லும் வானலை முறையில், அதன் மிக மெதுவான வேகத்தில் ஒரு சிறு செய்தியை அனுப்ப ஒன்றரை நொடி ஆகலாம். அதற்குச் சுமார் 0.2 ஜூல். ஒரு நாளில் 96 முறை அனுப்பினால் 20 ஜூல். உறக்கத்தின் செலவு நாளொன்றுக்கு 3 ஜூலுக்குள். மொத்தம் 23 ஜூல் என்று வைத்துக்கொள்ளலாம். அளப்பது மலிவு, சொல்வதுதான் விலை அதிகம் என்பதைக் கவனியுங்கள். செய்தி ஏதும் வருகிறதா என்று காது கொடுத்துக் காத்திருப்பதற்கும் ஏறக்குறைய அதே விலைதான். பல வானலைச் சில்லுகளில் கேட்பதற்கும் அனுப்புவதற்கும் ஒரே அளவு மின்னோட்டம் தேவைப்படுகிறது. எனவே நல்ல கருவிகள் தாம் பேசி முடித்த பிறகு ஓரிரு கணம் மட்டும் காது கொடுத்துவிட்டு உறங்கப் போய்விடுகின்றன.

நாளொன்றுக்கு 23 ஜூல் என்றால், இரண்டு ஏஏ பேட்டரியே 3 ஆண்டுக்கு மேல் தாங்கும். அப்படியானால் அறுவடை எதற்கு என்று கேட்பது நியாயமே. சுவிட்சர்லாந்தின் மேட்டர்ஹார்ன் மலையில், ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில், பாறை இடுக்குகளில் உறைந்திருக்கும் பனி உருகிப் பாறை சரிவதை ஆராயும் பெர்மாசென்ஸ் திட்டம் 2008-இலிருந்து கம்பியில்லா உணரிகளை இயக்கி வருகிறது. அங்கே பாறையில் பொருத்திய சிறு கருவிகள் லித்தியம் பேட்டரியில், மிகக் கண்டிப்பான சிக்கனத்தில் இயங்கும்படி வடிவமைக்கப்பட்டன. பனி மூடும் பாறை முகத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சூரியத் தகட்டை வைத்துக் காப்பாற்றுவதைவிட, சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும் பேட்டரியே நம்பத் தகுந்தது. இது அறுவடைக்கு எதிரான சான்றன்று. கணக்குப் பார்த்து முடிவெடுத்தவர்களின் சான்று.

ஆனால் எல்லா உணரியும் மண் ஈரப்பத உணரியைப் போல எளிய உணவில் வாழ்வதில்லை. காற்றிலுள்ள நுண்துகளை அளக்கும் உணரியில் ஒரு சிறு விசிறியும் லேசர் ஒளியும் இருக்கின்றன; விசிறி சீராகச் சுழன்று அளவு நிலைப்பட அரை நிமிடம் பிடிக்கும்; ஒருமுறை அளக்கவே 15 ஜூல் வரை செலவாகலாம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் நாளுக்கு 1,400 ஜூலைத் தாண்டும். இரண்டு ஏஏ பேட்டரி மூன்று வாரத்துக்கும் வராது. சில வாயு உணரிகளில் சூடேற்றும் இழை ஒன்று உண்டு. அதன் செலவும் இப்படித்தான். படமெடுக்கும் கருவியும், காட்டின் ஒலியைப் பதிவு செய்யும் கருவியும் இந்த வரிசையில் வருபவையே. பசி மிகுந்த உணரிக்கும், மனிதர் எளிதில் போக முடியாத இடத்துக்கும், ஆயிரக்கணக்கில் வைக்கப்படும் கருவிகளுக்கும் அறுவடை தேவை. மற்ற இடங்களில் நல்ல பேட்டரியே போதும்.

வரவுப் பக்கத்துக்கு வருவோம். வெளியில் வைக்கும் கருவிக்குச் சூரிய ஒளியை விஞ்சிய வரவு கிடையாது. உச்சி வெயில் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ 100 மில்லிவாட் ஒளியைக் கொட்டுகிறது. சாதாரண சிலிக்கான் தகடு அதில் 15 மில்லிவாட்டையாவது மின்சாரமாகத் தரும். ஐந்துக்கு ஐந்து சென்டிமீட்டர் அளவுள்ள, அதாவது தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு தகடு, ஐந்து மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒரு நாளில் 6,700 ஜூல் அளவுக்குத் தரக்கூடும். மின்சுற்றில் பாதி வீணானாலும் 3,000 ஜூலுக்கு மேல் மிஞ்சும். நம் மண் உணரிக்கு இது நூறு நாள் சம்பளம். நுண்துகள் உணரிக்குக்கூடப் போதும்.

அதே தகட்டை அடர்ந்த மழைக்காட்டின் தரையில் வையுங்கள். மேலே விழும் ஒளியில் நூற்றில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான் இலைக்கூரையைத் தாண்டிக் கீழே வருகிறது. ஒரு பங்கு என்று கொண்டால் 67 ஜூல். இழப்பு போகக் கைக்கு 30 ஜூல். மண் உணரியின் 23 ஜூல் செலவை இது ஒட்டினாற்போலத்தான் தாங்குகிறது. மழைக்காலத்து மேகம் இதையும் பத்தில் ஒன்றாக்கினால் வரவு 3 ஜூல், செலவு 23 ஜூல். இடம் மாறினால் ஒரே தகடு செல்வந்தனாகவும் ஏழையாகவும் ஆகிவிடுகிறது என்பதால், தகட்டின் அட்டையில் எழுதியுள்ள வாட் அளவை மட்டும் பார்த்து வாங்குவது பெரிய தவறு. கருவி நிற்கப்போகும் இடத்தில் ஒளியை அளந்து பார்க்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது. பறவையின் எச்சமும் தூசியும் ஓர் ஒற்றை இலையின் நிழலும் ஒரு நாள் வரவையே பறித்துவிடும். தகட்டைச் சாய்த்துப் பொருத்துவது வெயிலை நேராக வாங்குவதற்கு மட்டுமன்று, மழை அதைக் கழுவிவிட்டுப் போவதற்கும்தான்.

ஒளியே இல்லாத இடங்களும் உண்டு. பெட்ரல் பறவையின் வளை அப்படிப்பட்டது. அத்தகைய இடங்களுக்காகவே மற்ற வழிகள் ஆராயப்படுகின்றன. இரு வேறு உலோகங்களின் இணைப்புகளை வெவ்வேறு வெப்பத்தில் வைத்தால் மின்னோட்டம் உண்டாகும் என்ற விளைவை 1821-இல் சீபெக் என்ற இயற்பியலாளர் கண்டார். இன்று அதே விளைவைக் கொண்டு, மண்ணுக்கும் அதன் மேலுள்ள காற்றுக்கும் இடையிலான சில பாகை வேறுபாட்டிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். பகலில் காற்று சூடு, மண் குளிர்ச்சி. இரவில் பல நேரம் இது தலைகீழாகும். மின்னழுத்தத்தின் திசையும் மாறிவிடும். ஆகவே இரு திசையையும் ஏற்கும் மின்சுற்று வேண்டும். காற்றாலையின் சிக்கல் வேறு வகை: காற்றின் வேகம் பாதியானால் கிடைக்கும் திறன் எட்டில் ஒன்றாகிவிடும், கையளவு காற்றாலை மெல்லிய காற்றில் சுழலவே தொடங்காது. அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களை 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். பாலங்களிலும் இயந்திரங்களிலும் அவற்றுக்குப் பயனுண்டு, அமைதியான காட்டில் அதிகமில்லை. நம்மைச் சூழ்ந்துள்ள வானொலி, கைபேசி அலைகளிலிருந்து எடுக்கும் ஆற்றல், கோபுரத்துக்கு அருகில் இல்லாவிட்டால், சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மைக்ரோவாட்டைக்கூட எட்டுவதில்லை.

என்னை மிகவும் கவர்ந்தது சேறுதான். ஆற்றடியிலும் கடலடியிலும் உள்ள சேற்றில், காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் மட்கிய பொருளை உண்ணும்போது எலெக்ட்ரான்களை வெளியேற்றுகின்றன. சேற்றில் ஒரு கரிமத் தகட்டைப் புதைத்து, மேலே உயிர்வளி கரைந்துள்ள நீரில் இன்னொன்றை வைத்து இணைத்தால் மின்சாரம் ஓடும். அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் தலைமையிலான குழு, வாஷிங்டன் நகரை ஒட்டி ஓடும் பொட்டோமாக் ஆற்றில் இந்த முறையில் ஒரு வானிலை மிதவையை இயக்கி, 2008-இல் அதன் விவரத்தை வெளியிட்டது. காற்றின் வெப்பம், அழுத்தம், ஈரப்பதம், நீரின் வெப்பம் ஆகியவற்றை அளந்து வானலையில் அனுப்பிய அம்மிதவையின் சராசரித் தேவை 18 மில்லிவாட். முதலில் செய்த சேற்று மின்கலம் 230 கிலோ எடையில் 24 மில்லிவாட் தந்தது. அடுத்து செய்தது 16 கிலோ எடையில் 36 மில்லிவாட் தந்தது. ஒரு வடிவமைப்பிலிருந்து அடுத்ததற்குள் எடை பதினான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. வாழும் மரத்துக்கும் அது நிற்கும் மண்ணுக்கும் இடையில்கூடச் சிறு மின்னழுத்தம் உண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் 2009-இல் மேப்பிள் மரத்தில் ஆணி அடித்து எடுத்த மின்சாரத்தால் ஒரு நுண்சுற்றை இயக்கிக் காட்டினார்கள். ஆனால் அதன் அளவு நானோவாட்டில், அதாவது மைக்ரோவாட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கில், பேச வேண்டியது. அதை நெடுநாள் சேமித்தால்தான் ஒரு கருவி ஒரு செய்தியாவது அனுப்ப முடியும்.

வரவுக்கும் செலவுக்கும் நடுவில் ஒரு காசாளர் வேண்டும். ஆற்றல் மேலாண்மைச் சில்லு என்பது அதுதான். சூரியத் தகடு எந்த மின்னழுத்தத்தில் அதிகத் திறன் தருகிறதோ, அந்தப் புள்ளியில் அதை நிறுத்துவது இதன் முதல் வேலை. எதையும் இணைக்காதபோது தகட்டில் இருக்கும் மின்னழுத்தத்தில் முக்கால் பங்கிலிருந்து ஐந்தில் நான்கு பங்குக்குள் அந்தப் புள்ளி பெரும்பாலும் அமையும். அடுத்த வேலை சேமிப்பு. லித்தியம் அயனி மின்கலம் சிறிய இடத்தில் நிறையக் கொள்ளும். ஆனால் சில நூறு முதல் ஆயிரம் முறை முழுதாக நிரம்பிக் காலியானால் தளர்ந்துவிடும். உறைநிலைக்குக் கீழே அதில் மின்னேற்றினால் கெட்டுப்போகும். சூப்பர் கெப்பாசிட்டர் எனப்படும் மீமின்தேக்கி லட்சக்கணக்கான முறை தாங்கும். ஆனால் கொள்ளளவு சிறியது, சும்மா இருந்தாலே கசியும். 10 ஃபாரட் மீமின்தேக்கி ஒன்று 5 வோல்டிலிருந்து 3 வோல்டுக்கு இறங்கும்போது தருவது 80 ஜூல்தான். நம் மண் உணரிக்கு மூன்றரை நாள் உணவு. 2005-இல் பெர்க்லி குழுவினர் பிரமீதியஸ் என்ற கருவியில் இரண்டையும் சேர்த்தார்கள். அன்றாட வரவு செலவு முழுவதும் மீமின்தேக்கியில் நடக்கும். அது வற்றும்போது மட்டும் லித்தியம் மின்கலம் கைகொடுக்கும். ஆகவே மின்கலம் அடிக்கடி நிரம்பிக் காலியாகித் தேய்வதில்லை. பணப்பையும் வங்கிக் கணக்கும் தனித்தனியே வைத்துக்கொள்வது போன்ற இந்த ஏற்பாடு, எனக்குத் தெரிந்த மிக அறிவார்ந்த எளிய தீர்வுகளுள் ஒன்று.

உண்மையான சோதனை மழைக்காலத்தில் வருகிறது. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாறு அந்தோணியார் காலனியில், அமிர்த விஸ்வ வித்யாபீடம் என்ற பல்கலைக்கழகத்தினர் நிலச்சரிவை முன்னறிய ஒரு கம்பியில்லா உணரி வலையமைப்பை நிறுவினர். மண்ணின் துளைகளில் நீர் ஏற்படுத்தும் அழுத்தம், மண்ணின் ஈரம், நிலத்தின் சாய்வு, மழையின் அளவு ஆகியவற்றை அளந்து, படிப்படியான எச்சரிக்கை விடுவது அதன் நோக்கம். இத்தகைய இடத்தில் சூரியத் தகட்டை நம்பியிருக்கும் கருவியின் நிலையை எண்ணிப் பாருங்கள். கோடையில் வானம் தெளிவாக இருக்கும், ஆற்றல் பொங்கும், மலையும் அசையாது. தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் நாள்கணக்கில் வெயில் முகம் காட்டாது, அப்போதுதான் மலைச்சரிவு ஆபத்தாகிறது, அப்போதுதான் 15 நிமிடத்துக்கு ஒருமுறை அல்லாமல் நிமிடத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டியிருக்கிறது. வரவு அற்றுப்போகும் அதே வாரத்தில் செலவு பல மடங்காகிறது.

இதற்கு விடை சராசரியைக் கொண்டு திட்டமிடாமல் இருப்பது. ஆண்டுச் சராசரி வெயிலை வைத்துத் தகடு வாங்கியவர், மனித உயிரைக் காக்க வேண்டிய நாளில் கருவியை இழந்து நிற்பார். மிக மோசமான தொடர் மழை எத்தனை நாள் நீடிக்கும் என்று பழைய வானிலைப் பதிவுகளில் பார்த்து, அத்தனை நாளும் நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தாலும் தாங்கும்படி சேமிப்பை அமைக்க வேண்டும். அதோடு, கருவியே தன் இருப்பைப் பார்த்துத் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவும் வேண்டும். மழை இல்லாத மாதத்தில் மணிக்கு ஒருமுறை போதும். மழைமானி எழுப்பும்போது மட்டும் வேகம் கூட்டலாம். அளந்ததில் மாற்றம் இல்லையென்றால் அனுப்பாமல் வைத்திருந்து, பத்து அளவுகளை ஒரே செய்தியாக அனுப்பலாம். ஆனால் கையிருப்பு குறைகிறது என்ற ஒரே காரணத்துக்காகப் புயல் நாளில் மௌனமாகும்படி ஒரு கருவிக்கு நிரல் எழுதக் கூடாது.

இதற்கு நேர் எதிரான ஒரு பாதையும் உண்டு. பேட்டரியே இல்லாமல், ஒரு சிறு மின்தேக்கியை மட்டும் வைத்துக்கொண்டு, ஆற்றல் இருக்கும்போது மட்டும் உயிர்த்து, இல்லாதபோது அணைந்து போகும் கருவிகள் அவை. செய்துகொண்டிருந்த வேலை பாதியில் அறுந்துபோகும் என்பதால், மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் அவ்வப்போது குறித்துவைத்து, விழித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். 2022-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழுவொன்று, காற்றில் பறக்கும் டேண்டிலியன் விதையைப் பார்த்து இப்படியொரு கருவியைச் செய்தது. எடை 30 மில்லிகிராம். டிரோனிலிருந்து கொட்டினால் மெல்லிய காற்றில் 100 மீட்டர் வரை மிதந்து பரவுகிறது. நூற்றுக்கு 95 முறை சூரியத் தகடு மேல்நோக்கி இருக்கும்படியே தரையிறங்குகிறது. வெப்பம், ஈரம், அழுத்தம், ஒளி ஆகியவற்றை அளக்கும் உணரிகளை அதில் ஏற்றலாம். தானே வானலை எழுப்பும் அளவு வரவு அதற்கு இல்லை. ஆகவே வேறொரு கருவி அனுப்பும் அலையை மாற்றித் திருப்பியனுப்பி, 60 மீட்டர் தொலைவுக்குத் தன் செய்தியைச் சொல்கிறது.

பேட்டரி இல்லாததால் அதில் நச்சு வேதிப்பொருள் குறைவு என்பது பெரிய நன்மை. ஆனால் ஆயிரக்கணக்கில் தூவியதைத் திரும்பப் பொறுக்க முடியாது. மட்கிப்போகும் பொருளால் இவற்றைச் செய்யும் வழி கிடைக்கும்வரை, ஒரு காட்டைக் காப்பதற்காக அதே காட்டில் இவற்றைக் கொட்டுவதற்கு நான் தயங்குவேன். இக்கருவிகளுக்கு இரவு வேலை என்பதே இல்லை. சூரியன் மறைந்ததும் மின்தேக்கி வற்றிக் கருவி அணைந்துவிடும். மறுநாள் காலையில் முதல் வெளிச்சம் தகட்டில் விழுந்து மின்தேக்கி சற்று நிரம்பியதும், அன்றைய முதல் அளவை எடுக்க அது மறுபடி விழிக்கும்.